பிள்ளைக்கு ஐஸ் ஹாக்கி: தலை முதல் கால் வரை கவசம் பூட்ட முழுமையான வழிகாட்டி

என் மகள் 7 வயதில் ஹாக்கி ஆடப்போகிறேன் என்று சொன்னபோது, அந்த விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். கனடாக்காரர்கள் அதற்குக் கோயில் கட்டாத குறைதான். ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு முன்பல் இருக்காது. மதுரையில் வளர்ந்தவனுக்கு ஐஸ் என்றால் நன்னாரி சர்பத்தில் மிதப்பது, அவ்வளவுதான். முதல் நாள் கனடாவின் பிராம்ப்டனில் ஒரு ரிங்க்கின் (ஐஸ் ஆடுகளத்தின்) உடை மாற்றும் அறையில், முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் பேடை வலது இடது மாற்றிக் கட்டி, சாக்ஸை மறந்து பேன்ட்டை ஏற்றி, பிறகு எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்து பெஞ்சில் பேரனுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். பேடின் இரண்டு சிறகுகளில் பெரியது எப்போதும் காலின் வெளிப்பக்கம் வரவேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

5 சீசன் ஓடிவிட்டது. புதிதாகப் பிள்ளையைச் சேர்க்கும் நம்மூர்ப் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பிராண்ட் வாங்கலாம்?" என்பதுதான். நான் பதிலுக்குக் கேட்பது, "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அளவு பார்த்தீர்களா?" என்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், முழங்கை பேட் ஓர் அங்குலம் கீழே இறங்கிவிட்டால் முழங்கைக்கு வெறும் ஜெர்சித் துணிதான் காவல். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஓர் அங்குலத்தைப் பற்றியதுதான். கடைசியில், எந்தக் கவசமும் எட்டாத ஓர் இடத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன்.

எதிலிருந்து பாதுகாக்கிறோம்?

ரிங்க்கில் அடிபட நான்கு வழி உண்டு: பக், பிளேடு, சுவர், இன்னொரு ஆள்.

பக் என்பது 3 அங்குல அகலமும் 1 அங்குல கனமும் கொண்ட கெட்டி ரப்பர் வில்லை. எடை 170 கிராம் வரை. பெரிய ஆட்டங்களில் அதை உறையவைத்துத்தான் களத்தில் இறக்குவார்கள். அப்போதுதான் துள்ளாமல் வழுக்கும். 2012-ல் வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீகான என்ஹெச்எல் நடத்திய திறன் போட்டியில் ஸ்டேனோ சாரா அடித்த பக் மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தில் போனது. 9 வயதுப் பிள்ளைகள் அப்படி அடிக்கப்போவதில்லை. ஆனால் கிரிக்கெட் பந்தைவிடச் சற்று கனமான ஒன்று முகத்துக்கு நேரே எழும்பி வருகிறது என்பதை மனதில் வையுங்கள்.

பிளேடு என்பது ஸ்கேட் எனும் சறுக்குக் காலணியின் அடியிலுள்ள, இரண்டு ஓரமும் கூர் தீட்டிய எஃகு. ஆள் விழும்போது கால் மேலே போகும். பிளேடு பிறர் கழுத்து உயரத்துக்கு வந்துவிடும். சுவர் என்றால் ரிங்க்கைச் சுற்றியுள்ள போர்டு. பார்க்கப் பிளாஸ்டிக் பலகை போலிருக்கும், மோதினால்தான் தெரியும். நான்காவது ஆள். சிறு வயதில் வேண்டுமென்று மோதுகிறவர்கள் குறைவு, நிற்கத் தெரியாமல் வந்து மோதுகிறவர்கள்தான் அதிகம்.

எந்தப் பொருளை வாங்கும்போதும் இந்த நான்கில் இது எதற்கு என்று கேட்டுப்பாருங்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டும் நெக் கார்டு பிளேடுக்கானது, கழுத்தெலும்பு முறிவைத் தடுக்காது. ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமலிருக்க வந்தது, உள்ளே மூளை குலுங்குவதை அது முழுதாக நிறுத்தாது. இந்த வித்தியாசம் தெரியாமல், எல்லாம்தான் போட்டிருக்கிறாளே என்று நாமே அசட்டையாகிவிடுகிறோம்.

முதல் படி: ஹெல்மெட்

1968 ஜனவரியில் மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ் அணியின் பில் மாஸ்டர்டன் ஆட்டத்தின் நடுவே பின்னால் விழுந்து தலை ஐஸில் அடித்து, இரண்டு நாளில் இறந்தார். என்ஹெச்எல் ஆட்டத்தில் பட்ட அடியால் நேரடியாக உயிர்விட்டவர் அவர் ஒருவரே. ஹெல்மெட் கட்டாயமானது எப்போது என்று நினைக்கிறீர்கள்? 1979-ல். அதுவும் புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் விருப்பப்பட்டால் வெறுந்தலையோடு ஆடலாம் என்று விட்டுவிட்டார்கள். அப்படி ஆடிய கடைசி ஆளான கிரெய்க் மக்டாவிஷ் 1997 வரை ஆடினார். பெரியவர்களைப் பார்த்து நாம் பாதுகாப்பைக் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைத்தான் எல்லோரிடமும் சொல்வேன்.

கனடாவில் பிள்ளைகளின் ஹெல்மெட்டிலும், முகத்தை மூடும் கம்பிக் கூண்டிலும் சிஎஸ்ஏ என்ற தரச் சான்று ஸ்டிக்கர் இருந்தே ஆகவேண்டும். அமெரிக்காவில் அதற்குப் பதில் ஹெச்இசிசி என்ற சான்று ஸ்டிக்கர்; அது எந்த மாதம் வரை செல்லும் என்று ஹெல்மெட்டிலேயே குறித்திருப்பார்கள். ஸ்டிக்கர் கிழிந்துபோன ஹெல்மெட்டை ரெஃப்ரி திருப்பி அனுப்பலாம். பெயிண்ட் அடிப்பது, துளை போடுவது, கூண்டைத் தாங்கும் கிளிப்பைப் பிடுங்கிவிட்டு வேறு எதையாவது மாட்டுவது எதுவும் கூடாது. செய்தால் சான்றிதழ் செல்லாது.

சரி, எப்படிப் போட்டுப் பார்ப்பது?

புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே டேப்பைச் சுற்றி அளவெடுங்கள். அந்த அளவுக்குரிய ஹெல்மெட்டை எடுத்து, பக்கவாட்டு லாக்கைத் திறந்து, முழுக்கத் தளர்த்தித் தலையில் வைத்து, பிறகு மெல்ல இறுக்குங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் ஒரு விரல் அகலத்தில் நிற்கவேண்டும். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும், முடி. கடையில் முடியை விரித்துவிட்டு அளவு பார்த்து, ரிங்க்கில் உச்சிக்குக் கொண்டை போட்டால் ஹெல்மெட் அரை அங்குலம் தூக்கிக்கொள்ளும். ஆடும்போது எப்படிப் பின்னுவாளோ அப்படிப் பின்னி, கழுத்தடியில் தாழ இறக்கிக் கட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அடுத்து, பிள்ளையைத் தலையை வலது இடதாக ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட்டோடு சேர்ந்து நெற்றித் தோலும் நகர்ந்தால் சரியான அளவு. நெற்றி அசையாமல் ஹெல்மெட் மட்டும் சுற்றினால் பெரிது. தாடை வாருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் போகலாம், இரண்டு போகக் கூடாது. கூண்டின் அடியிலுள்ள கிண்ணத்தில் தாடை முழுதாக உட்காரவேண்டும். கடையிலேயே 10 நிமிடம் போட்டுவிட்டு உலாவ விடுங்கள். கழற்றியதும் நெற்றியில் லேசான சிவப்பு இருந்தால் பரவாயில்லை. ஒரே புள்ளியில் வலி என்றால் வேறு மாடல் பாருங்கள். நீள்தலைக்கும் உருண்டைத் தலைக்கும் ஒரே ஹெல்மெட் ஒத்துவராது.

"அடுத்த வருஷமும் போடலாமே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் நம் பழக்கம் பள்ளிக்கூடச் சட்டைக்குச் சரி. இங்கே வேண்டாம்.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் ஹாக்கி ஹெல்மெட்டுகளை ஆய்வகத்தில் மோதவைத்து நட்சத்திர மதிப்பெண் தருகிறது. 2015-ல் முதல் பட்டியல் வந்தபோது ஒன்றுகூட 5 நட்சத்திரம் வாங்கவில்லை. இன்று நிலைமை எவ்வளவோ மேல். வாங்கும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது. ஆனால் தலைக்குப் பொருந்தாத 5 நட்சத்திரத்தைவிடப் பொருந்தும் 4 நட்சத்திரத்தையே நான் எடுப்பேன்.

முகத்துக்குக் கம்பிக் கூண்டா, கண்ணாடி போன்ற முழு ஷீல்டா? ஷீல்டில் பார்வை நன்றாக இருக்கும், ஆனால் மூச்சு படிந்து மங்கும். 8 வயதுப் பிள்ளை ஆட்டத்தின் நடுவே அதைத் துடைத்துக்கொண்டு நிற்க முடியாது. நாங்கள் கூண்டோடு நிறுத்திக்கொண்டோம். டிவியில் பார்க்கும் அரைக் கண்ணாடி பெரியவர்களுக்கானது. அதையும் என்ஹெச்எல் 2013-ல்தான், அதுவும் புதியவர்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது.

இரண்டாம் படி: கழுத்து

செலவில் ஆகக் குறைந்த கவசம் இது. பெற்றோர் ஆக அலட்சியமாக விடுவதும் இதைத்தான்.

1989 மார்ச் 22 அன்று பஃபலோ அணியின் கோல்கீப்பர் கிளின்ட் மலார்ச்சுக் கோல் முன்னே நின்றிருந்தபோது, விழுந்துவந்த எதிரணி வீரரின் பிளேடு அவர் கழுத்து ரத்தக் குழாயை அறுத்தது. அணியின் ட்ரெய்னர் ஜிம் பிஸ்ஸுடெல்லி வியட்நாம் போரில் ராணுவ மருத்துவ உதவியாளராக இருந்தவர்; ஓடிவந்து கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிப்போனார். மலார்ச்சுக் பிழைத்தார். 2008-ல் அதே பஃபலோவில் ரிச்சர்ட் ஸெட்னிக்கின் கழுத்துத் தமனியைச் சொந்த அணிக்காரரின் பிளேடு கிழித்தது. அவரும் பிழைத்தார். 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நாட்டிங்ஹாம் பேந்தர்ஸ் அணியின் ஆடம் ஜான்சன் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 1 முதல் நெக் கார்டு கட்டாயம். அமெரிக்காவில் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் சிறுவர் ஹாக்கி முழுவதிலும் கட்டாயம். கனடாவின் சிறுவர் ஹாக்கியில் இது நெடுநாளாகவே விதி: பிஎன்க்யூ என்ற கியூபெக் தர அமைப்பின் முத்திரை உள்ள நெக் கார்டு இல்லாமல் பிள்ளை ஐஸில் இறங்க முடியாது.

இரண்டு வகை உண்டு. ஒன்று கழுத்தை மட்டும் சுற்றும் காலர். மற்றது நெஞ்சின் மேல்பகுதி வரை இறங்கும் பிப், குழந்தைக்குச் சோறூட்டும்போது கட்டும் துண்டைப் போல. முடிந்தால் பிப் வாங்குங்கள். காலருக்கும் ஷோல்டர் பேடுக்கும் நடுவே விழும் இடைவெளியை அது மூடிவிடும். காலர் வகையை ஒட்டும்போது வெல்க்ரோ முனை பின்கழுத்தில் வரவேண்டும். மூச்சு முட்டாமல், அதே சமயம் முன்பக்கம் தொங்காமல் இருக்கவேண்டும். பிள்ளையைத் தலை நிமிர்ந்து கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது முன்கழுத்தில் தோல் தெரிந்தால் அது தாழ இருக்கிறது.

"அரிக்கிறது" என்பார்கள். மெய்தான், வேர்வை ஊறி உப்புப் பூத்த நெக் கார்டு அரிக்கும். வாரம் ஒருமுறை கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். கத்தரிக்கோலால் உயரத்தைக் குறைத்துக்கொடுத்த அப்பா ஒருவரை எனக்குத் தெரியும். வெட்டிய நெக் கார்டு விதிப்படி செல்லாது.

வெட்டு படும் இடம் கழுத்து மட்டுமில்லை. 2013-ல் என்ஹெச்எல் வீரர் எரிக் கார்ல்சனுக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் பிளேடு பட்டு அறுந்தது. 2022-ல் இவாண்டர் கேனுக்கு மணிக்கட்டு. வெட்டைத் தாங்கும் இழை கலந்த சாக்ஸும் மணிக்கட்டு உறையும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. சாக்ஸ் வாங்கிவிடலாம், எப்படியும் ஒரு சாக்ஸ் போட்டுத்தான் ஆகவேண்டும்.

மூன்றாம் படி: ஸ்கேட்

இது கவசமா என்று கேட்கலாம். கால் ஆடும் ஸ்கேட்டோடு பிள்ளையால் நிற்க முடியாது. நிற்க முடியாத பிள்ளை சுவரில் போய்த்தான் நிற்கும்.

ஸ்கேட் அளவு பெரும்பாலும் ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை எண் குறைவாக இருக்கும். நேராக நிற்கும்போது கட்டைவிரல் நுனி முன்னே லேசாக உரசவேண்டும்; முட்டியை மடக்கினால் குதிகால் பின்னே உட்கார்ந்து விரல் விடுபடவேண்டும். லேஸைத் தளர்த்தி, ஸ்கேட்டின் நாக்கை முன்னே இழுத்து, மேலிருந்து மூன்றாம் துளை மட்டத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். பென்சில் இரு பக்கத் துளைகளையும் தொட்டும் பாதத்தை அழுத்தாமல் இருந்தால் ஆழம் போதும். பாதத்தில் இடித்து ஒருபக்கம் தூக்கினால் போதாது. வளரும் பிள்ளைக்கு அரை சைஸ் கூட வாங்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

புதியவர்கள் பலர் ஏமாறும் ஒரு விஷயம்: புது ஸ்கேட் பெட்டியிலிருந்து வரும்போது கூர் தீட்டியிருக்காது. நாங்கள் அப்படியே கொண்டுபோய் இறக்கிவிட்டோம். முதல் அரைமணி நேரம் என் மகள் எண்ணெய் கொட்டிய தரையில் நடப்பதுபோல வழுக்கி வழுக்கி விழுந்தாள். நானோ அவளுக்குத்தான் தைரியம் இல்லை என்று வெளியிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். கடையிலேயே தீட்டித் தரச் சொல்லுங்கள். பிறகு 10, 15 மணி நேர ஆட்டத்துக்கு ஒருமுறை தீட்டினால் போதும்.

நான்காம் படி: உடம்புக் கவசங்கள்

ஒவ்வொன்றாக வாங்கினாலும் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுத்தான் பார்க்கவேண்டும். காயம் படுவது பெரும்பாலும் ஒரு கவசம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்.

ஷின் பேடை முட்டியிலிருந்து பாருங்கள். முட்டிச் சில்லு பேடின் கிண்ணத்துக்கு நடுவில் வரவேண்டும், கீழ்முனை ஸ்கேட்டின் மேல்விளிம்புக்கு ஓர் அங்குலம் மேலே முடியவேண்டும். அளவு அங்குலத்தில் போட்டிருக்கும்: 10, 11, 12 என்று. கடைக்கு ஸ்கேட்டையும் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள்.

பேன்ட் இடுப்பெலும்பையும் தொடையையும் முதுகுத்தண்டின் கடைசி எலும்பையும் காக்கும். கீழ்விளிம்பு முட்டிச் சில்லின் மேல்பகுதியைத் தொடவேண்டும். முட்டியை மடக்கி உட்காரும்போது தொடை தெரிந்தால் குட்டை. ஆடத் தொடங்கும் பிள்ளை அதிகம் விழுவது பின்பக்கமாகத்தான், அதனால் பின்னே உள்ள பட்டையைத் தட்டிப் பாருங்கள்.

ஷோல்டர் பேடின் இரண்டு கிண்ணமும் தோள் முனைகளின் மேல் உட்காரவேண்டும். எல்போ பேடைக் கையை மடக்கி வைத்துக்கொண்டு போடவேண்டும், முழங்கை முனை கிண்ணத்துக்குள் இறங்கும்படி. கையை நீட்டினால் நழுவக் கூடாது. கிளவ்ஸுக்கும் எல்போ பேடுக்கும் நடுவே இரண்டு அங்குலத்துக்கு மேல் தோல் தெரியக் கூடாது. உள்ளங்கைத் தோல் ஓட்டையான கிளவ்ஸை ஓட்டை தைக்காமல் போடவேண்டாம். விரல் வெளியே வரும் கிளவ்ஸ் விதிக்கும் விரோதம், விரலுக்கும்.

கிரிக்கெட் ஆடியவர்களுக்குத் தெரிந்த, கால்களுக்கு நடுவே அணியும் கார்டு இங்கேயும் உண்டு, பெண் பிள்ளைகளுக்கும் தனியாக உண்டு. ஷின் பேடுக்கு மேல் போடும் நீள சாக்ஸைப் பிடித்துக்கொள்ள அதிலேயே வெல்க்ரோ வைத்திருப்பார்கள். மவுத் கார்டை வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கலாம். கூண்டு இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். தாடைக்குக் கீழிருந்து அடி வந்தால் பல்லோடு பல் மோதுமே, அதற்குத்தான். அதை மென்றுகொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு 2 மாதத்துக்கு ஒன்று வாங்கவேண்டியிருக்கும், எங்கள் வீட்டில் அப்படித்தான்.

ஸ்டிக்கும் ஆயுதம்தான். ஸ்கேட் போட்டு நிற்கும்போது தாடை வரை இருந்தால் போதும். வெட்டிக் குறைத்தபின் மேல்முனையை டேப்பால் நன்றாகச் சுற்றி மூடுங்கள். திறந்த முனை குழாய் போலிருக்கும், பிறர் மேல் குத்தினால் வட்டமாக அறுக்கும்.

கோல்கீப்பருக்கு இது எதுவும் அப்படியே பொருந்தாது. ஹெல்மெட்டும் கூண்டும் வேறு, மார்புக் கவசம் வேறு, கால் பேட் வேறு. தொண்டைக்கு முன்னே தொங்கும் தனித் தகடும் உண்டு, அது இருந்தாலும் நெக் கார்டைக் கழற்றக் கூடாது. 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் பக் பட்டு முகம் கிழிந்த ஜாக் பிளான்ட், முகமூடி போட்டால்தான் மறுபடி களமிறங்குவேன் என்று நின்றார். பயிற்சியாளருக்கு அது பிடிக்கவில்லை. முகமூடியோடு இறங்கி அந்த ஆட்டத்தை ஜெயித்தும் காட்டினார். உங்கள் பிள்ளை கோல்கீப்பராக ஆசைப்பட்டால் முதல் ஆண்டு முழு செட்டை வாங்கிவிடாதீர்கள். பல சங்கங்கள் சிறு பிள்ளைகளுக்கு இரவல் தருகின்றன.

எதைப் பழையதாக வாங்கலாம்?

கனடாவில் இரண்டாம் கை ஹாக்கிச் சாமான் தாராளமாகக் கிடைக்கும். ஷின் பேட், எல்போ பேட், ஷோல்டர் பேட், பேன்ட் நான்கையும் தயங்காமல் பழையதாக வாங்கலாம்; பட்டை உடையாமல், வெல்க்ரோ பிடித்தால் போதும். பழைய ஸ்கேட் என்றால் கணுக்கால் பகுதியைக் கையால் அழுத்திப் பாருங்கள், துணிபோல மடங்கினால் வேண்டாம். ஹெல்மெட் எப்போதும் புதிது. அது முன்பு எத்தனை முறை சுவரில் மோதியது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. நெக் கார்டு, மவுத் கார்டு, கார்டு மூன்றும் புதிது. மிச்சம் பிடித்த காசை அளவு தெரிந்த கடைக்காரரிடம் ஸ்கேட் வாங்கச் செலவிடுங்கள்.

ஐந்தாம் படி: போடும் வரிசை

உடம்போடு ஒட்டிய உள்ளாடை, கார்டு, ஷின் பேட், சாக்ஸ், பேன்ட், ஸ்கேட், ஷோல்டர் பேட், எல்போ பேட், நெக் கார்டு, ஜெர்சி, ஹெல்மெட், கடைசியில் கிளவ்ஸ். ஸ்கேட்டை ஷோல்டர் பேடுக்கு முன்னே கட்டிவிடவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையால் குனிய முடியாது. முதல் மாதம் 25 நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது நெக் கார்டுதான், ஜெர்சியைப் போட்டபிறகு அது இல்லாதது கண்ணில் படாது. நான் பைக்குள் அதை ஹெல்மெட்டுக்குள்ளேயே சுருட்டி வைப்பேன். ஹெல்மெட்டை எடுத்தால் அதுவும் கைக்கு வரும்.

ஆறாம் படி: சுவரோடு பழகுவது

கடையில் கிடைக்காத கவசம் இது. போர்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் ரிங்க்கிலேயே மோசமான இடம். பின்னாலிருந்து யாராவது தள்ளினால் தலை முதலில் சுவரில் போகும். தலை குனிந்திருந்தால் கழுத்தின் இயல்பான வளைவு நிமிர்ந்து எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நிலைக்கு வரும். மோதலின் வேகமெல்லாம் அந்த அடுக்கின் மேல் இறங்கும். டொராண்டோவின் நரம்பியல் அறுவை மருத்துவர் சார்லஸ் டேட்டர் 1980-களிலிருந்தே ஹாக்கியில் முதுகுத்தண்டு முறிந்தவர்களைப் பற்றி ஆராய்ந்து எச்சரித்து வந்தது இதைத்தான்.

பிள்ளைக்குச் சொல்லவேண்டியது இவ்வளவு. சுவருக்கு நேராகப் போகாதே, சாய்வாகப் போ. ஒன்று சுவரோடு ஒட்டி நில், இல்லையென்றால் தள்ளி நில். மோதப்போகிறாய் என்று தெரிந்தால் தலையை நிமிர்த்து, கையையும் தோளையும் முன்னே கொடு. வீட்டில் கூடத்துச் சுவரில், சாக்ஸ் போட்ட காலோடு மெதுவாகச் சாய்ந்து பழகச் சொன்னேன். என் மனைவிக்குச் சுவர்ப் பெயிண்டைப் பற்றித்தான் கவலை.

உடம்பால் இடித்து ஆடும் பாடி செக்கிங் சிறு வயதில் இல்லை. கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11, 12 வயதில் செக்கிங் அனுமதித்த ஆல்பர்ட்டாவையும் அனுமதிக்காத கியூபெக்கையும் ஒப்பிட்டு 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அனுமதித்த இடத்தில் காயமடையும் அபாயம் மூன்று மடங்குக்கு மேல். 2013-ல் ஹாக்கி கனடா அந்த வயதுப் பிரிவில் அதை நாடு முழுவதும் நிறுத்தியது. என்னைக் கேட்டால், இத்தனை வருடத்தில் வந்த எந்தப் புது ஹெல்மெட்டைவிடவும் இந்த ஒரு விதி மாற்றம் காத்த தலைகள் அதிகம்.

ஏழாம் படி: தலையில் அடிபட்டால்

போன வருடம் ஒரு டோர்னமென்ட். சனிக்கிழமை காலை ஆட்டத்தில் என் மகள் பின்னால் விழுந்தாள். உடனே எழுந்தாள், அழவில்லை, தலையைக்கூடத் தொடவில்லை. ஷிஃப்ட் (களத்தில் ஒரு தடவை இறங்கி ஆடும் நேரம்) முடிந்ததும் எதிரணியின் பெஞ்சை நோக்கிப் போனாள்.

எங்கள் அணியின் ட்ரெய்னர் அதைப் பார்த்துவிட்டார். அவளை உட்காரவைத்து, எந்த ரிங்க்கில் இருக்கிறோம், கடைசி கோல் யார் போட்டது என்று கேட்டார். இரண்டாவதற்குப் பதில் வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார். அப்படிச் செய்தால் பிள்ளை நைசாகக் களத்தில் ஓடிவிட முடியாது. நான் கீழே இறங்கிப்போய், "மதியம் செமி ஃபைனல் இருக்கே, அதற்குள் சரியாகிவிடும் இல்லையா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவள் மறுபடி ஆட 3 வாரம் ஆனது.

மூளை அதிர்ச்சி ஸ்கேனில் தெரிவதில்லை. நினைவு தப்பினால்தான் அதிர்ச்சி என்பதும் தவறு. பெரும்பாலோர் நினைவோடுதான் இருப்பார்கள். தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்வது, காரணமில்லாத எரிச்சல், அன்றிரவு தூங்க முடியாமை அல்லது அளவுக்கு மீறிய தூக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. சந்தேகம் வந்தாலே உட்காரவைப்பதுதான் முறை.

ஒன்டாரியோவில் இது சட்டமே. 2013-ல் ரக்பி ஆட்டத்தில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்த 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கரின் பெயரால் 2018-ல் வந்த ரோவன் சட்டம், சந்தேகம் வந்த உடனே பிள்ளையை ஆட்டத்திலிருந்து நீக்கச் சொல்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பதிவு செய்யும்போது பெற்றோர் படித்துக் கையெழுத்திடும் பக்கங்கள் இதற்காகத்தான். படிக்காமல் டிக் போடாதீர்கள்.

திரும்பி வருவதற்கும் படிகள் உண்டு. முதல் ஓரிரு நாள் ஓய்வு. இருட்டறையில் அடைக்கவேண்டியதில்லை, மெல்ல நடக்கலாம், மொபைலைக் குறைக்கலாம். பிறகு லேசான உடற்பயிற்சி, தனியாக ஸ்கேட்டிங், மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் எழுத்தில் அனுமதி தந்தபிறகு முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தொந்தரவு கூடினால் ஒரு படி இறங்கவேண்டும். ஹாக்கிக்கு முன்னால் பள்ளிக்கூடப் பாடம் பழையபடி ஓடவேண்டும்.

உடனே அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கவேண்டியவை வேறு: கழுத்து வலி, கை காலில் மரத்துப்போன உணர்வு, வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, நினைவு தப்புதல், நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி. கழுத்தில் சந்தேகம் இருந்தால் பிள்ளையை நகர்த்தாதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், நீங்கள் பதறி ஐஸில் ஓடி வழுக்கி விழாதீர்கள். வெட்டுக் காயம் என்றால் கைக்குக் கிடைத்த துணியை வைத்து நேரடியாக, விடாமல் அழுத்துங்கள். எட்டிப் பார்க்கத் துணியை எடுக்கவேண்டாம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. விழாத பிள்ளைகள் நான்கைந்து பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் காற்றைச் சந்தேகியுங்கள். ஐஸைச் சமன் செய்யும் வண்டி புரொபேன் எரிவாயுவில் ஓடுவதாக இருந்து, காற்றோட்டமும் சரியில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். எல்லோரையும் வெளியே கூட்டிவந்துவிட்டு ரிங்க் நிர்வாகத்தைக் கூப்பிடுங்கள்.

பராமரிப்பு

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து எல்லாவற்றையும் விரித்துப் போடுங்கள். நாற்றத்துக்காக மட்டும் சொல்லவில்லை, ஈரப் பேடில் கிருமி வளர்ந்து தோலில் கட்டி வரும். கார் டிக்கியில் வைத்துவிட்டு மறந்தால் குளிரில் ஹெல்மெட் விறைக்கும், கோடையில் உள்பஞ்சு இளகும். மாதம் ஒருமுறை ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து ஹெல்மெட்டின் ஆணிகளைத் திருகிப் பாருங்கள். துரு ஏறியிருந்தால் மாற்றுங்கள், ஒரு டாலர் வேலை. ஓட்டில் விரிசல் விழுந்தால் பசை போடாதீர்கள், அந்த ஹெல்மெட் முடிந்தது.

சீசன் நடுவில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், எல்லாவற்றையும் ஒருமுறை போட்டு நிற்கச் சொல்லிச் சுற்றி வந்து பாருங்கள். செப்டம்பரில் சரியாக இருந்தது டிசம்பரில் இருக்காது. போன முறை அப்படிப் பார்த்தபோது என் மகளின் ஷின் பேடுக்கும் ஸ்கேட்டுக்கும் நடுவே என் நான்கு விரல் தாராளமாகப் போனது. இரண்டு மாதமாக அப்படியே ஆடியிருக்கிறாள். "ஏம்மா சொல்லலை?" என்றேன். "நீங்கதான் பார்ப்பீங்களே அப்பா" என்றாள். மறுநாள் காலை கடை திறக்கும்போது வாசலில் நின்றோம், கையில் ஸ்கேட்டோடு. 12 அங்குலம்.